மெஷின் கேட்ட டிரா

எதிரில் ஆளே இல்லை. இருந்தும் கார்குழலி நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அறைக்குள் அவளும் ஒரு கம்ப்யூட்டர் திரையும் மட்டும்.

எண்ணூர்க் கம்பெனி ஒன்றின் செஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். "மெஷினோடதான் ஆட்டம். ஜெயிச்சா வேலை. டிரான்னா அடுத்த வருஷம் இன்னொரு சான்ஸ். தோத்தா அவ்வளவுதான்" என்று மேனேஜர் சாலமோன் நேற்றே சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் தோழி நவ்ரீனுக்கும் அதே சோதனை.

"பயமா கீதுடி" என்றுதான் உள்ளே நுழையுமுன் நவ்ரீன் கையைப் பிடித்தாள்.

"எனக்கும்தான். காயைப் பூட்டிக்கினு உக்காரு, போதும்."

மெஷினோடு மோதிய கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களை இருவரும் ஒரு மாதமாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். வெட்டுக்குத்துக்கே போகக் கூடாது. சிப்பாய்களைப் பூட்டி, வழியை அடைத்து, பொறுமையாக ஆட வேண்டும்.

அப்படித்தான் ஆடினாள். ஆனால் மெஷினும் வழியை அடைத்தது. அவள் யானையைச் சும்மா நகர்த்தினால் அதுவும் சும்மா நகர்த்தியது. மனசில் இருப்பதைப் படிக்கிறதோ?

முப்பத்தெட்டாவது மூவில், ஆனது ஆகட்டும் என்று ஒரு குதிரையைப் பலி கொடுத்துப் பூட்டை உடைத்தாள். மெஷின் ஆறு நிமிஷம் அசையவில்லை. பிறகு திரையில் ஒரு வார்த்தை: "டிரா?"

ஒத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் வீட்டில் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை இல்லாமல் வீடு திரும்பினால் இன்னொரு வருஷம் காத்திருக்க அப்பா விடமாட்டார்.

கண்ணை இறுக்க மூடி, 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். அடுத்த பதினோரு மூவில் மெஷின் தோற்றது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் சாலமோன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெஷின் காலையிலயே படுத்துட்டு சார். ரெண்டு பிள்ளைகளையும் ஒண்ணுக்கொண்ணு கோத்து விட்டாச்சு. அதுகளுக்குத் தெரியாது."

கார்குழலியின் கால்கள் அப்படியே நின்றன. பக்கத்து அறைக் கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு நவ்ரீன் வந்து அவள் தோளில் சாய்ந்தாள்.

"டிரா கேட்டேன்டி குழலி... கொஞ்சங்கூட எரக்கமே இல்லாம வேணாம்னுடுச்சுடி, அந்த மெஷினு!"