மூன்று மாடி ஊர்

"அந்த மலை ஊர்ல மூணு மாடிக்கு மேல கட்டவே விடமாட்டாங்க. ஒரு லிஃப்ட் மெக்கானிக் அங்க போய் என்ன பண்றது? ஈ ஓட்டறதா?" என்றாள் அவள்.

அவன் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மேல் தட்டுல. மாத்தி வெச்சிருக்கேன்."

எடுத்தான். இரண்டு டம்ளர் டீயிலும் போட்டுக் கலக்கினான். அவளுக்கு அரை ஸ்பூன்.

அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து வேலை வந்திருந்தது. ஒன்று, மலை மேல் இருக்கும் நிலநடுக்க ஆய்வு நிலையத்தின் தலைமைப் பொறுப்பு. இன்னொன்று, கடலோர நகரத்தில் நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று கட்டும் ஒரு நிறுவனத்தில் ஆலோசகர். இன்று மாலைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

"கடலோரம்னா சம்பளம் ரெட்டிப்பு," என்றாள். "உங்களுக்கும் தெருவுக்குத் தெரு லிஃப்ட். பாப்பாவுக்கு நீச்சல் குளம் இருக்கிற ஸ்கூல்."

"உனக்கு?"

"ஏசி ரூம்."

"அதைக் கேக்கல. வேலை என்ன?"

"அவங்க கட்டினதைப் பாத்து, 'ஆடாது'ன்னு கையெழுத்துப் போடணும்."

"ஆடுமா?"

"நிலம்னா ஆடும்."

"அப்ப அந்த வேலை உனக்கு ஆகாது. ஒரே மாசத்துல சண்டை போட்டுட்டு வந்து நிப்பே." அவன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். "பத்து வருஷமா எவனோ ஒருத்தன் நிலையத்துலேர்ந்து வர்ற அதிர்வுக் கோட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கே. இப்ப நிலையமே உன்னுது. நிலம் ஆடற ஊரா தேடி ஆசைப்படற பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான். போ."

"போன்னா? நாங்க அங்க, நீங்க இங்கயா? பாப்பா தாங்கமாட்டா. அவளை விட்டுட்டு நானும் போகமாட்டேன்."

"தெரியும்."

"முன்னாடி ஒரு தடவை இப்படித்தான் வந்துச்சு. அவ பொறந்த வருஷம். உங்களுக்காக வேணாம்னு விட்டேன்."

"எனக்காக எங்க விட்டே? என் சத்தம் தாங்காம விட்டே."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். கன்னத்தில் பென்சில் கோடு. அவனைக் கண்டதும் நின்றாள்.

"அப்பா! இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"ஆமாடா கண்ணு. லிஃப்ட்டெல்லாம் சமத்தா ஓடுது. அதான் வந்துட்டேன்."

அவள் வந்து அவன் மடியில் உட்கார்ந்தாள். மடிக்கு இப்போது அவள் பெரிய உருப்படி. அவன் காலை மாற்றி வைத்துக்கொண்டான்.

"கணக்கை முடிச்சாச்சா?" என்றாள் அம்மா.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி."

"அதை முடி. அப்புறம் மடியில ஏறலாம்."

மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து லீவு போட்டுட்டு அந்த மலைக்குப் போனேன்."

"சொல்லவே இல்ல!"

"சொன்னா வேணாம்பே. ஊர்ல மொத்தமே ஒரு லிஃப்ட்தான். ஆஸ்பத்திரியில, கட்டிலோட நோயாளியை ஏத்தறது. அதுவும் ரெண்டாவது மாடியில அரை அடி கீழயே நின்னுடுது."

"நீங்க சும்மா பாத்துட்டு வந்திருக்கமாட்டீங்களே."

"சரி பண்ணிட்டுத்தான் வந்தேன். கை கேக்கமாட்டேங்குது."

அவள் சிரித்தாள்.

"அடிவாரத்துலேர்ந்து உச்சிக்கு ரோப் கார் ஓடுது," என்றான். "அதே கம்பி, அதே மோட்டார், அதே பிரேக். லிஃப்ட்டைச் சாய்ச்சுப் போட்டா ரோப் கார், அவ்வளவுதான். ஆள் வேணுமாம். வான்னுட்டாங்க."

"சம்பளம்?"

"அதுவும் சாய்ஞ்சுதான் இருக்கு."

"விளையாடாதீங்க. இங்க நீங்க தலைமை மெக்கானிக். பன்னெண்டு பேர் உங்களுக்குக் கீழ."

"அங்க ஊரே எனக்குக் கீழ. கம்பத்து மேல நின்னு பாத்தேன், எல்லார் வீட்டுக் கூரையும் தெரியுது."

அவள் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்ற பணத்தை விட்டுட்டு மலை ஏறறேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடாதே?"

அவன் உடனே சிரித்துவிட்டான். ஒரு நொடி கழித்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்தது அடங்க நேரமாயிற்று. உள்ளேயிருந்து மகள், "என்ன, என்ன?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்ல, கணக்கைப் போடு!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நின்று நிதானித்து நாலு வரி தட்டினாள். மலை நிலையத்துக்குச் சரி போயிற்று. கடலோரத்துக்கு நன்றி போயிற்று. மூடினாள். தோள் இரண்டும் இறங்கின.

அவன் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான். துண்டை எடுத்த கொக்கியிலேயே மாட்டினான்.

"வீடு பாக்கணுமே," என்றாள்.

"பாத்துட்டேன். நிலையத்துக்கு நடந்தே போயிடலாம். ஒரே தெருவுல ரெண்டு வீடு."

"பக்கத்துப் பக்கத்துலயா?"

"நடுவுல ஒரு வளைவு. ஒட்டினாப்பல இருந்தா நமக்கு ஆகாது."

"அதுவும் சரிதான்."

அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டான். மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் படி இறங்கினான். அவள் கதவைச் சாத்தப் போனவள், மறுபடி திறந்தாள்.

"அங்க போனப்புறம் புதன்கிழமையும் வாங்க."

விவாகரத்துத் தீர்ப்பில் மகளைப் பார்க்க அவனுக்குச் சனியும் ஞாயிறும் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள்.