சம்மதத்துக்கு முந்திய காப்பி

முப்பது வயது ருதைனாவுக்கு ஆட்டிசம் என்று ஜோர்டானின் அம்மான் நகர மருத்துவர் உறுதி செய்த நாளிலிருந்து, மகள் நிம்மதியாக உறங்கினாள். தாய் நாயிலாவுக்குத்தான் உறக்கம் போயிற்று.

"என்னை ஏன் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்கன்னு இப்பத்தாம்மா புரியுது. பெண் கேட்டு வர்றவங்ககிட்டயும் சொல்லிடலாமே."

"சொன்னா வந்த வழியே திரும்பிடுவாங்கடி. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாதே!"

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காப்பி பரிமாறப்பட்டது. பெண் வீட்டார் சம்மதம் சொன்ன பிறகே குடிப்பது வழக்கமாதலால், மாப்பிள்ளையின் பெரியப்பா தம் கோப்பையைத் தொடாமல் வைத்தார். அவர் பேச்சைத் தொடங்குவதற்குள், மாப்பிள்ளை குதைபா தன் காப்பியைக் குடித்தே முடித்துவிட்டான்.



"டேய், அவங்க இன்னும் சம்மதமே சொல்லலையேடா!" என்று பதறினார் பெரியப்பா.

"ஆறிடுமே, பெரியப்பா," என்றான் அவன்.

அவனுடைய தாய் கண்கலங்கி நாயிலாவின் கையைப் பற்றினாள். "மன்னிச்சிடு தங்கச்சி. அவனுக்கு ஆட்டிசம். சொல்லிடலாம்னுதான் அவன் சொன்னான். கல்யாணம் முடியட்டும்னு நான்தான் வாயை அடைச்சு வச்சேன்."

நாயிலா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சா பெண் கேட்டு வந்தீங்க? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

ருதைனா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டான் குதைபா.

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "அவர் கேக்கிறாரேம்மா, பதில் சொல்லட்டுமா?"