எழுதியவர்

“என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட எப்படி மனசு வந்தது உனக்கு?”

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றாள் அவள். வந்ததும் வராததுமாகக் காலைக் கட்டிக்கொள்ளும் நாத்தனார் பையனைக்கூடத் தேடவில்லை.

நாத்தனார் நிமிரவில்லை. குட்டிக் குட்டிச் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க அண்ணி.”

“உக்காரவா வந்தேன்? இதைப் பாரு.”

செல்போனை நீட்டினாள். அவளுடைய வலைப்பூவின் தமிழ்ப் பக்கம். ‘குளிப்பாட்டும்போது கையை விட்டுவிடுவேனோ?’ என்று தலைப்பு. அடியில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் நாத்தனார் பெயர்.

அவள் இங்கிலீஷில் எழுதுவாள். வலைப்பூவே அதைக் கையோடு தமிழாக்கிப் போட்டுவிடும். அப்புறம் நாத்தனார் உட்கார்ந்து பிழை திருத்துவாள். எட்டு மாதமாக இதுதான் ஏற்பாடு.

“மூணு நாள் அழுது அழுது எழுதினது. பெத்ததுலேர்ந்து நான் பட்ட பயம் அது! இங்கிலீஷ்ல முந்நூறு பேர், ‘எனக்கும் இப்படித்தான்’னு பதில் போட்டிருக்காங்க. தமிழ்ல மட்டும் பேர் உனக்கா? எழுத்துத் திருட்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். வீட்டுக்குள்ளயேவா?”

“மெஷின் மாத்திப் போட்டிருக்கும்...”

“மெஷின் குழந்தைக்குப் பல் முளைச்சதை எனக்கு முளைச்சதா எழுதும். பேரை மாத்தாது. பாஸ்வேர்ட் உன்கிட்டதான் இருக்கு.”

நாத்தனாரின் கை நின்றது.

“ஆமா. நான்தான் மாத்தினேன்.”

“பாத்தியா!” குரல் உயர, குழந்தை சிணுங்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இன்னையோட நீ விலகிக்கோ. பாஸ்வேர்டை மாத்திக்கறேன்.”

“தாராளமா மாத்துங்க. அந்தப் பேரை மட்டும் மாத்தாதீங்க. தமிழ்ப் பக்கத்தை யாரு படிக்கறாங்கன்னு யோசிச்சீங்களா?”

அவள் நீட்டிய செல்போனைத் தாழ்த்தினாள். மாமியார். இங்கிலீஷ் தெரியாத மாமியார். தமிழில் வந்ததும் முதல் ஆளாகப் படிப்பவர்.

“அத்தை... படிச்சுட்டாங்களா?”

“நான் திருத்த உக்கார்றதுக்குள்ள படிச்சுட்டாங்க. போன்ல ஒரே கத்தல். ‘இப்படி நினைக்கிறவகிட்ட குழந்தையை ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது, போய்த் தூக்கிட்டு வந்துடறேன்’னு கிளம்பிட்டாங்க. ‘ஐயோ அம்மா, அது என் பையனை நினைச்சு நான் எழுதினது, மெஷின் அண்ணி பேரைப் போட்டுடுச்சு’ன்னேன். அந்த நிமிஷமே பேரை மாத்தினேன்.”

அவள் மெல்ல உட்கார்ந்தாள். குழந்தையின் முதுகைத் தடவினாள்.

“அப்போ... நம்பிட்டாங்களா? வராம இருந்துட்டாங்களா?”

நாத்தனார் கடைசிச் சட்டையையும் உள்ளே வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

“வந்தாங்க அண்ணி. இங்க வந்தாங்க. நேத்து என் பையனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போற அவசரத்துல அவன் துணியைத்தான் மறந்துட்டாங்க.”