காணாமல் போன அல்லிப் பூக்கள்

தோட்டத்துக் குளத்தில் அல்லி பூப்பதும், சில நாளில் அந்தப் பூ காணாமல் போவதும் வாடிக்கையாகிவிட்டது. பெரியவரின் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் மேல் போனது. அவருடைய பையனுக்குத்தான் தன் மகளைப் பேசி முடித்திருந்தார்.

“உன் வருங்கால மாமனார் கை சும்மா இருக்காது போல. ‘நான்தான் எடுத்தேன்’னு அந்த ஆள் தன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது.”

“செருப்புல தூசி பட்டாலே துடைக்கிற மனுஷன்பா அவர். சேத்துல இறங்குவாரா?”

“அவ்வளவு சுத்தமா இருக்கிறவனைத்தான் நம்பக் கூடாது.”

மகள் சாப்பிடாமல் அழுதுகொண்டே கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரரே வந்து கைகட்டி நின்றார்.

“நான்தாங்க பறிச்சேன். ஆசைப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, போய்ட்டு வாங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

அவர் தலைகுனிந்து போனதும் மகள் வெடித்தாள். “அதான் ஒத்துக்கிட்டாரே! இன்னும் என்னப்பா?”

பெரியவர் அவளைக் குளத்தங்கரைக்கு இழுத்துப்போனார். தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு தண்டைத் தூக்கினார். அதன் நுனியில், வாடி மூடிய பூ அப்படியே இருந்தது.

“காலையில பழுத்த இலை கிள்ளும்போதுதான் பார்த்தேன். வாடின பூ தானாவே தண்ணிக்குள்ள அமுங்கிடுது. ஒண்ணுகூடத் திருட்டுப் போகலை.”

“அப்போ அவர் மேல தப்பே இல்லையே!”

“அதைத்தான் நானும் சொல்றேன். பறிக்காத பூவைப் பறிச்சேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்றான். திருடன்னாக்கூடப் பெட்டியைப் பூட்டிக்கலாம். இப்படிக் கூசாமப் பொய் சொல்றவன் வீட்டுக்கு உன்னை எப்படிம்மா அனுப்புறது?”