ஃபிரிட்ஜை மறைத்து நிற்பவன்

அவள் வீடியோவை நிறுத்தினாள்.

பதினோராவது நொடி. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் குளிர்பானக் கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜ். அதில் சாய்ந்தபடி, கையில் டீ கிளாஸோடு ஒருவன்.

கம்பெனிகளின் சின்னம் திரையில் எத்தனை நொடி தெரிகிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு வீடியோ. பாதிக்கு மேல் மறைந்திருந்தால் பூஜ்யம். மங்கலாக இருந்தாலும் பூஜ்யம்.

இவன் முழுசாக மறைத்திருந்தான்.

மறுபடி ஓட்டினாள்.

அவன் இடது பாதத்தால் வலது கெண்டைக்காலைச் சொறிந்தான். யாரோ சொன்னதற்குச் சிரித்தான்.

தாடி புதிது. தொப்பை புதிது. அந்தக் கால் மட்டும் பழையது.

வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, ஹெல்மெட்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு போனான். அவள் கணவனை அவள் பார்த்தது அதுதான் கடைசி. ஏழு வருடம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை கோர்ட். இத்தனை வருடத்தில் அவனைப் பார்க்கவில்லை, ஒரு தகவலும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சட்டப்படி அவன் இறந்தவன். வக்கீல் இரண்டு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்.

வீடியோவின் ஓரங்களில் ஊர் பெயரைத் தேடினாள்.

திரையில் ஊர் பெயர் இல்லை. வீடியோ எடுத்தவர் பெயரை இவர்களுக்குக் காட்டுவதில்லை. அவள் கைபேசி வாசல் லாக்கரில். நொடிக் கணக்கைப் போட்டு அனுப்பினால் வீடியோ திரையிலிருந்து போய்விடும்.

ஒவ்வொன்றையும் இரண்டு பேர் எண்ணுவார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் மறுநாள் இருவருக்கும் திரும்பி வரும்.

அவளுக்கு இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பக்கத்து மேசை இளவரசி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தப் பரோட்டாக் கடை உங்களுக்கும் வந்துச்சா? தடியன் ஒருத்தன் நந்தி மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்கிறான். நான் பூஜ்யம் போட்டுட்டேன்."

"ம்."

இளவரசி போனாள்.

அவள் மறுபடி ஓட்டினாள். இந்த முறை அவன் முகத்தை எண்ணினாள். தெரியத் தொடங்கியதிலிருந்து, கேமரா கல்லுக்குத் திரும்பும்வரை.

சந்தேகத்துக்கு இன்னொரு முறை.

நான்கு புள்ளி இரண்டு.

சின்னத்துக்கான கட்டத்தில் அதைப் போட்டாள். அனுப்பினாள்.

அடுத்தது வந்தது. ஒரு பெண் ஷாம்பு பாட்டிலைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நாளை புதன்.