முடிவைச் சொல்லக்கூடாது

மொந்தேவிதேயோ நகரில் எங்கள் டிராகன் கதை ரசிகர் மன்றத்தினர் ஏழு பாகங்களையும் மறுபடி படித்துக் கொண்டாடும் நாள். எல்லோரும் மந்திரவாதி அங்கியில் இருந்தோம். முதல் தடவை படிப்பவரிடம் முடிவை உளறினால், அங்கியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைவிட்டே போய்விட வேண்டும்.

முதல் தடவையாகப் படித்துவந்த எங்கள் ஸுல்மாவின் கணவர் ஒஸ்வால்தோ தனியாக வந்தார். "கடைசியில அந்த டிராகன் திரும்பி வருதா?"

"ஆசையப் பாரு!" தலைவி மிர்த்தா மாத்தே தேநீர்க் குவளையை நீட்டிச் சிரித்தாள். "ஸுல்மா அனுப்புனாளா? கள்ளி! அவளையே படிக்கச் சொல்லுங்க."

"நாப்பது பக்கம் மிச்சம் வெச்சிட்டா."

"அவ்வளவுதானே? ஒரே மூச்சுல முடிச்சிடலாமே!"

"நாலு மணிக்கு அடக்கம்." யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார். "பெட்டிய மூடறதுக்குள்ள அவ காதுல சொல்லணும்."



மிர்த்தா தன் அங்கியின் முடிச்சை அவிழ்த்தாள்.