போத்தலில் கொஞ்சம் சீதம்

"உயிரைக் கேளுங்கோ, தாறன். பிள்ளையின்ர சீதத்தை மட்டும் கேக்காதேங்கோ, டொக்டர்."

இரஞ்சிதம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி சொன்னாள். உள்ளே பாயில் அவளுடைய ஐந்து வயது மகள் சுகிர்தா சுருண்டு கிடந்தாள். வயிற்றுளைவு. சீதமும் இரத்தமுமாகப் போய்ப் போய், பிழிந்து போட்ட துணிபோல் ஆகியிருந்தாள் பிள்ளை.

டொக்டர் லியோன் கையிலிருந்த வெறும் போத்தலை மேசையில் வைத்தார். சைக்கிள் மிதித்து வந்த வியர்வை இன்னும் காயவில்லை.

நெடுந்தீவில் அந்த எண்பத்தேழாம் ஆண்டு பரவிய வயிற்றுளைவுக்குக் கையிருப்பில் இருந்த குளிசை, மருந்து ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகலாமென்றால் கடலில் சோழகக் காற்றுச் சீறியது. போதாததற்கு, வள்ளம் ஓடக்கூடாதென்று நேவி வேறு மறித்து வைத்திருந்தது. லியோனிடம் மிஞ்சியிருந்தவை, ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த மூன்று சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை வைரஸ். மனிதரை விட்டுவிட்டு, நோய்க் கிருமியை மட்டும் தேடிக் கொல்பவை.

கிருமியைத் தின்னும் கிருமி என்று அவர் விளக்கியபோது, இருக்கிற கிருமி போதாதோ என்று கேட்டிருந்தாள் இரஞ்சிதம்.

ஆனால், அவளுடைய பயம் வேறு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கதிர்காமு அவளுக்குப் பக்கத்து வளவுக்காரன். வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்ததில் தொடங்கிய சண்டை, இப்போது வழக்கில் நின்றது. தலைமயிரோ, காலடி மண்ணோ, உடம்பிலிருந்து கழிந்த எதுவோ எதிரியின் கையில் சிக்கினால் செய்வினை செய்துவிடுவார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதனால்தான் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் மறுத்துவிட்டாள்.

கதிர்காமுவின் கை படாது, தன் சேட்டுப் பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோவதாக லியோன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"ரஷ்யாவில சாமியும் இல்லை, பேயும் இல்லையாம். உங்களுக்கு உதுகள் விளங்காது."

"எனக்குச் செய்வினை தெரிஞ்சால், தங்கச்சி, முதல்ல அந்த நேவிக் கப்பலுக்கெல்லோ செய்திருப்பன்."

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது. வயிற்றை ஒரு கையால் அணைத்தபடி கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். நித்திரையில்லாத களை என்று லியோன் நினைத்துக்கொண்டார்.

ஊரில் பரவிய கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, மூன்று மருந்தையும் அதில் விட்டுப் பார்த்திருந்தார் அவர். ஒன்றும் பலிக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னார்.

"ஆனால், குடலுக்க கிருமி சாற்றில கிடக்கிறேல்லை, தங்கச்சி. அது சீதத்துக்கதான் குடியிருக்குது. அங்க இருக்கேக்க அதின்ர குணமே வேற. என்ர மருந்தும் சீதத்தில ஒட்டிக்கொண்டு நிண்டுதான் அதைப் பிடிக்கும். சாற்றில தோத்தது சீதத்தில வெல்லக்கூடும். அதைத்தான் பாக்கப்போறன்."

அப்படியென்றால் மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிடலாமே என்றாள். ஒவ்வொன்றிலும் சில சொட்டுகள்தான் இருக்கின்றன, எது பிடிக்கும் என்று தெரிந்தால்தான் அதைக் கிருமியிலேயே வளர்த்துப் பெருக்கலாம் என்றார் அவர்.

பாயில் பிள்ளை முனகினாள். லியோன் கரண்டியால் தண்ணீர் பருக்கினார். விழுங்கத் தெம்பில்லாமல் அது கடைவாயால் வழிந்தது. துடைத்துவிட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இண்டைக்குத் தந்தால் நாளைக்குத் தெரியும்" என்றார்.

இரஞ்சிதம் எழுந்தாள். போத்தலை எடுத்துக்கொண்டு, பிள்ளை வெளிக்கிருக்கும் சட்டி இருந்த பின்பக்கம் போனாள். வர வெகுநேரம் ஆனது. திரும்பியபோது நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சீலைத் துண்டில் சுற்றிய போத்தலை நீட்டினாள்.

"ஒருத்தர் கண்ணிலயும் படக்கூடாது, டொக்டர்."

லியோன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆஸ்பத்திரியில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சீதத்தை மூன்று குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை விட்டார். வெளியே நின்ற கதிர்காமு, பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை இரண்டு குழாய்கள் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தன. மூன்றாவது கிணற்று நீர்போலத் தெளிந்திருந்தது.

அந்த மருந்தைப் பெருக்கினார். வடித்தார். ஆறவைத்த தண்ணீரில் கலந்து, பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகப் பருக்கினார். முதலில் இரத்தம் நின்றது. பிறகு சீதம் குறைந்தது. ஒருநாள் காலையில் அவர் படலையைத் திறக்கும்போதே, சம்பலோடு சோறு வேண்டுமென்று சுகிர்தா சண்டை பிடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

லியோனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கறள் பிடித்த பூட்டுக்கு ஒவ்வொரு திறப்பாய்ப் போட்டுப் பார்த்து, கடைசியில் திறந்துவிட்டவர்போல் இருந்தார்.

"பாத்தீரோ, தங்கச்சி? பிள்ளையைக் காப்பாத்தினது பிள்ளையின்ர சீதம்தான். வேற ஆரின்ரயும் எண்டால் நான் நம்பி மருந்து குடுத்திருக்கமாட்டன்."

இரஞ்சிதம் பிள்ளைக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு படலைவரை போனபிறகு, பின்னால் மெல்ல வந்தாள்.

"அந்த மருந்தில மிச்சம் இருக்கோ, டொக்டர்?"

"தாராளமா இருக்கு. ஆனால் பிள்ளைக்கு இனித் தேவையில்லையே."

"பிள்ளைக்கில்லை." அவள் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "செய்வினை எண்டால் அது எனக்குப் பிடிக்கட்டும் எண்டு, அண்டைக்குப் போத்தல்ல தந்தது என்ர சீதம்."